மாடித் தட்டி

வீட்டுக்குச் சுவர் வேண்டும் என்பதில் உலகத்தில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. மாடிக்குச் சுவர் வேண்டுமா, வேண்டுமானால் எத்தனை உயரம், எதனால் ஆனது என்பதில்தான் எங்களுக்குச் சங்கடம் வந்து சேர்ந்தது. நாலு மாதம் அதிலேயே போயிற்று. அந்த நாலு மாதத்தில் ஒரு குறுநாவல் எழுதியிருக்கலாம். எழுதாமல் போனதும் நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

நாங்கள் குடியிருப்பது இரட்டை வீடு. மதுரையில், வைகைக்கு வடகரையில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. 1978-ல் ஒரு பெரியவர் தம் இரண்டு பெண்களுக்காகக் கட்டியது. ஒரே அஸ்திவாரம், நடுவில் ஒரே சுவர், இடப்புறம் எது உண்டோ அது வலப்புறமும் உண்டு. எங்கள் சமையலறையில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுச் சமையலறையில் டம்ளர் குலுங்கும். அக்காளும் தங்கையும் நினைத்தபோது தாண்டிப் போய்வர வேண்டும் என்று மொட்டை மாடியில் மட்டும் நடுச்சுவரை முழங்கால் உயரத்தோடு நிறுத்திவிட்டார். பெண்கள் இருவரும் பிற்காலத்தில் வீடுகளை விற்றுவிட்டு வேறு ஊர் போனார்கள். கட்டைச் சுவர் மட்டும் அதே உயரத்தில் நின்றது. மேற்குப் பாதியை 2009-ல் நாங்கள் வாங்கினோம். கிழக்குப் பாதியில் அதற்கு முன்பே ஒரு குடும்பம் இருந்தது.

அவர் ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். வந்த முதல் வாரமே நான் அவருக்குத் தம்பி ஆனேன். அவர் எனக்கு அண்ணன். அவர் மனைவியை நான் மதினி என்பேன். என் மனைவிக்கு அவர் அக்கா. உறவு முறை கணக்கில் இது சரியா தப்பா என்று யாரும் பார்க்கவில்லை.

2012-ல் ஊரெல்லாம் மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தபோது இரண்டு குடும்பமும் மாடியில்தான் படுத்தோம். என் மகன் பாதித் தூக்கத்தில் கட்டைச் சுவரைத் தாண்டிப் போய் மதினி பக்கத்தில் படுத்துக்கொள்வான். 2020-ல் ஊரடங்கின்போது தெருவில் கால் வைக்க முடியாமல் இருந்த நாட்களில், உலகம் என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த மாடிதான். மதினியின் கூழ் வடாம் அவர்கள் பக்கம் இடம் போதாமல் எங்கள் பக்கமும் காயும். காக்கை விரட்டுவது என் பொறுப்பு. அதற்குக் கூலியாக அரை வேக்காட்டில் காய்ந்த வடாம் நாலைந்து வாயில் போட்டுக்கொள்வேன். பொரித்த வடாத்தைவிட அது ருசி.

அண்ணன் என் வாசகரும்கூட. எழுத்தாளனுக்கு வாசகர் அடுத்த வீட்டில் இருப்பது பாக்கியம் என்று நினைக்கிறவர்கள் அனுபவம் இல்லாதவர்கள். கதை வெளியான மறுநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பார். "முடிவு சப்புனு ஆயிருச்சு தம்பி" என்பார். "பஸ்ஸை ஏன் எடுத்ததுமே வரவிட்டீங்க?" என்பார். பாராட்டும் அதே குரலில்தான் வரும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிக் கேட்டுப் பழகியபின், அவர் சொல்லும் வரை கதை முடிந்ததாகவே எனக்குத் தோன்றாது.

2022 தீபாவளி மலர் ஒன்றில் என் கதை வந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருப்பாரோ என்று பார்த்தால் இங்கேதான் இருந்தார். மலர் கிடைக்கவில்லையோ என்று பார்த்தால், அவர் வீட்டுத் திண்ணையில் அது கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்று வாரம் கழித்து, கார்த்திகையில், ஒரு மழைவிட்ட காலையில் அவர் பல் தேய்க்காமல் வந்து நின்றார்.

"தம்பி, மாடில ஒரு மறைப்பு போட்டுக்கிருவமா?"

"எதுக்குண்ணே?" என்றேன்.

"இல்ல... வயசான காலத்துல மதினி ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்கா. சேலையை அள்ளிச் சொருகிக்கிட்டு வேலை பாக்குறா. அதான்."

பதின்மூன்று வருஷமாக மதினி சேலையை அள்ளிச் சொருகிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் நான் தலையை ஆட்டினேன். செலவு ஆளுக்குப் பாதி என்றார். அதற்கும் ஆட்டினேன். கீழே வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அண்ணன் ஏன் கேக்குறாங்கன்னு உங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

தெரிந்தது. அந்த நிமிஷத்துக்கு முன்னால் தெரியாததுபோல் இருந்ததும் தெரிந்தது.

நான் இரவில் மாடியில் விளக்குப் போடாமல் உட்காருகிறவன். எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது அப்படி இருட்டில் இருந்தால்தான் எனக்கு ஓடும். அந்த வருஷம் வைகாசியில் ஒரு ராத்திரி, அண்ணனும் மதினியும் அவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். நான் இருப்பதை அவர்கள் பார்க்கவில்லை. முதல் வார்த்தையிலேயே நான் கனைத்திருக்க வேண்டும். கனைக்கவில்லை. இரண்டாவது வார்த்தைக்குப் பிறகு கனைக்க முடியாது. கனைத்தால் முதல் வார்த்தையைக் கேட்டுவிட்டேன் என்று ஆகிவிடும். அவர்கள் வீட்டுச் சமாசாரம் ஒன்று, துக்கமான சமாசாரம். அண்ணன் கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டு இருவரும் வெகுநேரம் சும்மா இருந்தார்கள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

கதையில் நான் ஊரை மாற்றினேன். தொழிலை மாற்றினேன். ஆணைப் பெண் ஆக்கினேன். எழுத்தாளர்கள் இதையெல்லாம் நியாயம் என்று நம்புகிறவர்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன், நன்றாக இல்லை. கதைக்கு வந்த கடிதங்களிலும் அந்த வாக்கியத்தைத்தான் பாராட்டியிருந்தார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியது போதும்.

ஆக, மறைப்பு யாருக்கு எதிராக என்பது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், எங்கள் இருவருக்கும் தெரியும் என்பது இரண்டு பெண்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு மாதமும் நாங்கள் வாய் திறந்து பேசியதெல்லாம் செங்கல்லையும் தகரத்தையும் பற்றித்தான்.

முதலில் மேஸ்திரி வந்தார். கட்டைச் சுவரையே நாலரை அடி உயர்த்தி ஆறடி ஆக்கிவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார். நாலரை அங்குலக் கனத்தில் 20 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 450 செங்கல். ஒரு செங்கல் 3 கிலோ என்றால், கலவையும் பூச்சும் சேர்த்து 2 டன்னுக்குக் குறையாது. "பளு பரவாயில்லை. நடுச்சுவர் மேலதானே உக்காருது, நேரா அஸ்திவாரத்துக்கு இறங்கிரும். தளத்து மேல வச்சாத்தான் ஆபத்து" என்றார். அப்படியானால் எது பரவாயில்லாமல் இல்லை என்று கேட்டேன். மேற்கே கையைக் காட்டினார். "ஆடிக் காத்து."

மதுரைக்காரர்களுக்கு ஆடிக் காற்றை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாகவும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவும் வெறுங்கையோடு எங்களிடம் ஓடி வருகிறது. வெறுங்கையோடு வருகிறவனுக்குத்தான் கோபம் அதிகம். எங்கள் மாடிச் சுவர் தெற்கு வடக்காக ஓடுவதால் காற்று அதை நெஞ்சுக்கு நேராக அறையும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரின் மீது அதன் அழுத்தம் நாலு மடங்காகும். இதைப் புஸ்தகத்தில் படித்திருந்தேன். மேஸ்திரி கை அனுபவத்தில் சொன்னார். மேலே பிடிமானம் இல்லாத மெல்லிய சுவர், ஆறடிக்கு ஒரு தூண் எழுப்பாவிட்டால் கொடியில் காயும் வேட்டிபோல் ஒருநாள் விழுந்துவிடும். வேட்டி விழுந்தால் துவைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் தூணுக்கும் சம்மதித்தார். தடுத்தது மழை. மேஸ்திரி இருக்கும்போதே ஒரு பாட்டம் பிடித்துக்கொண்டது. நாங்கள் மூவரும் மாடிப்படிக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்று பார்த்தோம். எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கிழக்கே ஓடி, கட்டைச் சுவரின் அடியில் இருந்த இரண்டு துளை வழியாக அண்ணன் பக்கம் போய், அவர் வீட்டுக் குழாயில் இறங்கியது. பெரியவர் தளத்துக்கு ஒரே வாட்டம்தான் கொடுத்திருந்தார். அக்காள் வீட்டு மழை தங்கை வீட்டு வழியாகப் போனால் என்ன? பதின்மூன்று வருஷமாக என் மழைத் தண்ணீரை அவர் வாங்கி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள்கூடச் சொன்னதில்லை. சுவரை உயர்த்துவதானால் பழைய கட்டையை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புவதே நல்லது என்று மேஸ்திரி சொன்னார். "துளையை அடைச்சுக் கட்டவா, விட்டுக் கட்டவா?" என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார். "செங்கல் வேண்டாம்" என்றார்.

அடுத்தது தகரம். பங்குனி வெயிலில் அதன் பக்கத்தில் மனிதன் நிற்க முடியாது. காற்றில் அது போடும் சத்தத்தில் தெருவே தூங்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவு என்று ஒருவர் சொன்னார். அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நெஞ்சில் இறங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் தலை காட்டும். பல நாடுகளில் தடை செய்த சரக்கு. அதை வாசலோடு அனுப்பினோம்.

பச்சை வலையை நான்தான் சிபாரிசு செய்தேன். நாற்றங்காலுக்கு நிழல் கட்டுகிறார்களே, அது. 50 சதவீதம், 75 சதவீதம் என்று நிழலை அளந்து விற்கிறார்கள். லேசு, மலிவு, காற்றும் கொஞ்சம் புகுந்து போகும். ஒரு துண்டு வாங்கி வந்து இரண்டு கம்புக்கு நடுவே கட்டி, ராத்திரி நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நின்று சோதித்தோம். அவர் பக்கம் விளக்கு எரிந்தது. என் பக்கம் இருட்டு. அவர் சட்டைப் பொத்தான்வரை எனக்குத் தெரிந்தது. "என்னைத் தெரியுதாண்ணே?" என்றேன். "தெரியலை தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "எப்பவும் அப்படித்தானே" என்றார்.

ஓட்டை உள்ள எந்தத் திரையின் தர்மமும் அதுதான். வெளிச்சத்தில் இருக்கிறவன் தெரிவான். இருட்டில் இருக்கிறவன் பார்ப்பான். அன்றோடு வலையையும் சுருட்டினேன். சிமெண்டு ஜாலிக்கும் அதே குற்றம். அதன் எடை வேறு.

இதற்கிடையில் எனக்கு ஒரு வக்கீல் நண்பர் உண்டு. எதற்கும் சட்டம் சொல்லுவார். 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தில் பதினெட்டாவது பிரிவைப் பார் என்றார். அடுத்த வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அந்த வழக்கமே உரிமையாகும் என்று அதில் உதாரணம் போட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் சரி. ஜன்னலை மூடலாம். ஏற்கனவே கேட்டுவிட்ட காதை என்ன செய்வது என்று அவரிடம் கேட்கவில்லை. பீஸ் கேட்டுவிடுவார்.

காதைப் பற்றித்தான் அண்ணனும் யோசித்திருக்க வேண்டும். ஆறடித் தடுப்பு கண்ணை மறைக்கும். பேச்சு அதன் தலைக்கு மேல் வளைந்து இறங்கிவிடும். நல்ல கனமான சுவராக இருந்தால் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். இது அவருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் ஏன் கேட்டார்? வேறு என்ன கேட்பார்? "இனிமேல் கேட்காதே" என்று ஒரு மனிதன் அடுத்த வீட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது?

பெண்கள் இருவரும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தடுப்பு வந்தால் காலை வெயில் எங்களுக்கு நஷ்டம். எட்டு மணிக்கு ஆறடித் தடுப்பின் நிழல் பத்தடிக்கு மேல் எங்கள் பக்கம் விழும். பிற்பகலில் அவர்கள் பக்கம். சாயங்காலக் காற்று மேற்கிலிருந்து வருவதால், காற்று அவர்களுக்கு நஷ்டம். வெயிலும் காற்றும் இல்லாமல் வடாம் காயாது. எங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. யானைமலை எங்களுக்கு அண்ணன் மாடிக்கு மேலாகத்தான் தெரியும். மழைவிட்ட சாயங்காலத்தில் அது கழுவிவிட்ட யானை மாதிரியே படுத்திருக்கும். அது போய்விடுமே என்று நான் சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் நான் இல்லை. மதினிதான், "மலை மறைஞ்சா தம்பிக்கு எழுத்து ஓடாதே" என்று என் மனைவியிடம் சொன்னார்களாம். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதினி சொன்ன யோசனைதான் கடைசியில் நின்றது: மூங்கில் தட்டி. தென்னங்கீற்று என்றால் சோழவந்தான் பக்கத்திலிருந்து எவ்வளவும் வரும். ஆனால் இரண்டு மழைக்குமேல் தாங்காது. தீப்பொறிக்கும் பயம். மூங்கில் பிளாச்சு நெருக்கி முடைந்த தட்டி காற்றுக்குக் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், முரண்டு பிடிக்காது. அதற்கு உள்ள சத்துரு உளுதான். தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்று தட்டிக்காரர் சத்தியம் செய்தார். நிலாவைப் பற்றி நான் வாக்குவாதம் செய்யவில்லை. மூங்கிலில் இருக்கும் மாவுச் சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது. சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்துக் கரைந்து போகும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் நல்லது. "அதுவும் செய்யலாம், நிலாவும் பார்ப்போம்" என்றார் தட்டிக்காரர். இரண்டும் செய்தோம்.

தளத்தில் துளை போட்டுக் கம்பம் நட்டால் தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கி வீடு ஒழுகும். ஆகவே ஐந்து இரும்பு ஆங்கிளைக் கட்டைச் சுவரின் பக்கவாட்டில் பட்டை போட்டு முடுக்கினோம். தட்டிக்கும் கட்டைச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விடச் சொன்னது மதினி. "காத்து அடியில போகட்டும். வடாம் தட்டும் போகணும்ல?" அடியில் இருந்த இரண்டு துளையும் அப்படியே இருந்தன.

கட்டுவதற்கு ஆள் வைக்கவில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே கட்டினோம். தட்டியை நிறுத்திக் கட்டுக்கம்பி போடுவதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒருவர் கம்பியைப் பிளாச்சுக்கு நடுவே நுழைக்க வேண்டும்; மற்றவர் அந்தப் பக்கம் இழுத்து, ஆங்கிளைச் சுற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். இவர் முறுக்க வேண்டும். முகம் தெரியாது. கம்பி நுனி வரும், போகும்.

மூன்றாவது ஆங்கிளில் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அந்தக் கதை..."

"கம்பியை இழுங்க தம்பி."

இழுத்தேன். திருப்பி அனுப்பினேன். அவர் முறுக்கும் சத்தம் கேட்டது.

"நான் செஞ்சது தப்புண்ணே."

பதில் இல்லை. அடுத்த கம்பி வந்தது. அதையும் வாங்கிச் சுற்றி அனுப்பினேன். அந்தக் கட்டும் முடிந்தது. அவர் ஏணியை நகர்த்திப் போட்டு ஏறினார்.

"நான் சொன்னது அது இல்ல தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கடைசில வருதே, எல்லாரும் நல்லாருக்குன்னு எழுதியிருந்தாங்கள்ல, அந்த வரி. நான் அப்படிச் சொல்லலை. உங்களுக்குச் சரியாக் காதுல விழல."

நிஜமாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். நடுவில் தட்டி இருந்தது. அப்படியானால் அன்றைக்கு என்னதான் சொன்னீர்கள் என்ற கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்தது. நாற்பது வயதைத் தாண்டியும் எனக்குப் புத்தி அப்படித்தான் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கீழே ஒரு முழ இடைவெளியில் மதினியின் கை தெரிந்தது. பருத்திப்பால் டம்ளர் ஒன்றைக் கட்டைச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போயிற்று.

"சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றார் அண்ணன். "இன்னும் ரெண்டு ஆங்கிள் இருக்கு."